குழுவே வேண்டாம் என்ற பாட்டு: ‘தி மெசேஜ்’, 1982

1982 ஜூலை 1-ஆம் தேதி நியூ ஜெர்சியிலிருந்து ஒரு 12 அங்குல இசைத்தட்டு வெளிவந்தது. ஏழு நிமிடம் பதினொரு நொடி ஓடும் ஒரே பாட்டு, பெயர் ‘தி மெசேஜ்’. தட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்தில் ‘கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் அண்ட் தி ஃப்யூரியஸ் ஃபைவ்’ என்று குழுவின் பெயர். அதோடு மெல்லி மெல், ட்யூக் பூட்டி என்று இரண்டு பெயர்கள்.

ஊசியை வைத்துக் கேட்டால்தான் விஷயம் புரியும். குழுவின் தலைவரான ஃப்ளாஷின் கைவேலை இசையில் எங்குமே இல்லை. ஐந்து ராப்பர்களில் மெல்லி மெல் ஒருவர்தான் ராப் செய்கிறார். கூட வருகிற இன்னொரு குரல், குழுவிலேயே இல்லாத ட்யூக் பூட்டியுடையது. மற்றவர்கள் பாட்டு முடியும் நேரத்தில், தெருமுனையில் நின்று பேசுவது போன்ற ஒரு சிறு நாடகத்தில் வந்து போகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பாட்டே தங்களுக்கு வேண்டாம் என்று சொன்னவர்கள் அவர்கள்.

இருபது வருடம் கழித்து, 2002-ஆம் வருடத்துக்காக, அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசத்துக்காகப் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் முதல் பட்டியலைப் போட்டது. ஐம்பது பதிவுகள். அதில் இடம்பெற்ற ஒரே ஹிப்-ஹாப் பதிவு இதுதான்.

இந்தப் பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கருத்தைப் பேசுவார்கள். ஏழைகளின் வாழ்க்கையைச் சொன்ன முதல் ராப், சமூக அக்கறையின் ஆரம்பம் என்று. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கருத்து ஏற்கெனவே இருந்தது. இந்தப் பாட்டின் மிகப் புகழ்பெற்ற வரிகளே மூன்று வருடம் முன்பு இன்னொரு இசைத்தட்டில் வந்தவைதான். அப்போது அவற்றை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1982-ல் மட்டும் உலகம் அவற்றுக்குக் காது கொடுத்தது ஏன் என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு.

எரிந்த பகுதி, ஆடிய பகுதி

நியூயார்க் நகரின் வடக்கே உள்ள பிராங்க்ஸ், 1970-களில் கண்ணெதிரே அழிந்துகொண்டிருந்தது. நகர அதிகாரி ராபர்ட் மோசஸ் திட்டமிட்ட கிராஸ் பிராங்க்ஸ் எக்ஸ்பிரஸ்வே என்ற நெடுஞ்சாலை குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு போனது. வசதி இருந்தவர்கள் வெளியேறினார்கள். வாடகை வராத கட்டடங்கள் கைவிடப்பட்டன. காப்பீட்டுப் பணத்துக்காகவும் பல எரிந்தன. 1970-க்கும் 1980-க்கும் நடுவே அங்கே ஏழு மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதிகளில் நூற்றுக்கு 97-க்கும் மேலான கட்டடங்கள் இல்லாமல் போயின. 1977 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் சார்லட் தெருவுக்கு வந்து, செங்கல் குவியல்களுக்கு நடுவே நடந்து பார்த்துவிட்டுப் போனார்.

அதே பிராங்க்ஸில்தான் 1973 ஆகஸ்ட் 11 அன்று, செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் ஒரு பார்ட்டிக்கு இசைத்தட்டுகளை ஓட்டினார். பாட்டில் குரல் நின்று தாளம் மட்டும் வரும் சில நொடிகளில்தான் கூட்டம் வெறியோடு ஆடுகிறது என்பதை அவர் கவனித்திருந்தார். அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டினார். ஹிப்-ஹாப் தொடங்கியது இங்கேதான்.

அந்த வேலையைத் துல்லியமாக்கியவர் ஜோசப் சாட்லர், அதாவது கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ். பார்படோஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர். தொழிற்பள்ளியில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இசைத்தட்டு சுழற்றும் கருவிகளான இரண்டு டர்ன்டேபிள்களில் வைப்பார். தாளத்துண்டு தொடங்கும் இடத்தில் தட்டின் மேலேயே கிரேயானால் ஒரு கோடு போட்டிருப்பார். ஒரு தட்டில் துண்டு ஓடி முடிவதற்குள் இன்னொரு தட்டை விரல் நுனியால் பின்னோக்கிச் சுழற்றி, கோடு எத்தனை முறை சுற்றி வருகிறது என்று கண்ணால் எண்ணி, சரியான இடத்தில் விடுவார். தாளம் அறுபடாமல் போய்க்கொண்டே இருக்கும். அதுவரை இசைத்தட்டைத் தொட்டால் அழுக்காகும், கீறல் விழும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள்.

அந்த மேடையில், தட்டை ஓட்டுகிற டிஜேதான் ராஜா. மைக் பிடித்த எம்சிக்களின், அதாவது ராப்பர்களின் வேலை அவரைப் புகழ்வதும் கூட்டத்தைக் கிளப்புவதும். குழுவின் பெயரில் ஃப்ளாஷ் முதலிலும் ஐந்து பேர் பின்னாலும் வருவதற்குக் காரணம் அந்த வரிசைதான். மெல்லி மெல், கிட் கிரியோல், கீஃப் கவ்பாய், ஸ்கார்பியோ, ரஹீம் என்று ஐந்து பேர்.

சில்வியா ராபின்சன்

இந்தக் கலை ஆறு வருடம் பூங்காக்களிலும் பள்ளி உள்ளரங்கங்களிலும் வாழ்ந்தது. அதை விற்கக்கூடிய இசைத்தட்டாக்கிப் பெரிய வெற்றி கண்டவர் ஒரு பெண். சில்வியா ராபின்சன் 1950-களில் மிக்கி அண்ட் சில்வியா என்ற இருவர் குழுவில் பாடியவர், 1973-ல் தனியாகவும் ஒரு பெரிய ஹிட் கொடுத்தவர். கணவர் ஜோவுடன் நியூ ஜெர்சியின் எங்கிள்வுட்டில் ஷுகர் ஹில் ரெக்கார்ட்ஸ் தொடங்கி, 1979-ல் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வெளியிட்டார்.

அந்தப் பாட்டிலேயே டிஜேக்கு வேலை போய்விட்டது. ஷீக் குழுவின் ‘குட் டைம்ஸ்’ இசையை ஸ்டூடியோவில் வாத்தியக்காரர்கள் மறுபடி வாசித்தார்கள். அதன் மேல் ராப் பதிவானது. இசைத்தட்டை ஓட்ட ஆள் தேவைப்படவில்லை. ஃப்ளாஷ் குழு ஷுகர் ஹில்லுக்கு வந்த பிறகு ‘ஃப்ரீடம்’, ‘பர்த்டே பார்ட்டி’ என்று வரிசையாக வந்த பதிவுகளும் பெரும்பாலும் அப்படித்தான். விதிவிலக்கு, ஃப்ளாஷ் தன் கை வித்தையைக் காட்டிய 1981-ஆம் வருட ‘வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்’ பதிவு. எல்லாமே கொண்டாட்டப் பாட்டுகள். நாங்கள் யார், எவ்வளவு கெட்டிக்காரர்கள், எல்லோரும் கை தட்டுங்கள் என்கிற வகை.

ஒரு தாளவாத்தியக்காரரின் காகிதம்

ஷுகர் ஹில்லில் தாளவாத்தியம் வாசித்தவர்களில் ஒருவர் எட்வர்ட் ஃப்ளெட்சர். ட்யூக் பூட்டி என்பது அவருடைய மேடைப் பெயர். நியூ ஜெர்சியின் எலிசபெத் நகரத்துக்காரர். பிராங்க்ஸின் பார்ட்டிகளில் வளர்ந்தவர் இல்லை. பென்சில்வேனியாவில் டிக்கின்சன் கல்லூரியில் ஆங்கிலம் படித்தவர். வயதில் குழுவில் இருந்தவர்களைவிட மூத்தவர். 1982-ல் அவருக்கு 31, மெல்லி மெல்லுக்கு 21.

1980-ல் ஃப்ளெட்சர் ஒரு பாட்டு எழுதத் தொடங்கினார். அந்த வருடம் ஏப்ரல் 1 முதல் 11 வரை நியூயார்க்கில் ரயில், பஸ் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நகரமே பாலங்களின் மேல் நடந்து வேலைக்குப் போனது. ரயில் ஓடவில்லை, வேலைக்குப் போக வழியில்லை என்று பாட்டில் ஒரு வரி வருவது அதனால்தான். இந்த இடம் ஒரு காடு மாதிரி இருக்கிறது, இதில் எப்படித்தான் மூழ்காமல் இருக்கிறேனோ என்பது பல்லவி. முதலில் பாட்டின் பெயரும் ‘தி ஜங்கிள்’.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஃப்ளெட்சரின் குரலில் வரும் சரணம். அம்மாவின் டிவியைத் தம்பி திருடிவிட்டான். அம்மா அளவுக்கு மீறிப் பார்க்கிறாள், உடம்புக்கு நல்லதில்லை என்று அதற்கு அவன் ஒரு சமாதானமும் சொல்கிறான். பகலில் ஒரு தொடர், ராத்திரி ஒரு தொடர் என்று ஓடினால் வீட்டில் யாருக்கும் பந்தாட்டமோ குத்துச்சண்டையோ பார்க்கக் கிடைக்காதே. கடன் வசூலிப்பவர்கள் போன் செய்து, தான் இல்லாத நேரத்தில் மனைவியை மிரட்டுகிறார்கள். இரட்டை இலக்கப் பணவீக்கம், உருப்படாத படிப்பு. அப்புறம் திடீரென்று உடம்புக்கு வருகிறது பாட்டு: ஒற்றைத் தலைவலி, முதுகின் அடியில் இடுப்பெலும்பு சேரும் மூட்டில் அடி. அந்த மூட்டுக்கு மருத்துவப் புத்தகத்தில் என்ன பெயரோ அதையே போட்டு எதுகை பிடித்திருக்கிறார். ஆங்கிலம் படித்த தாளக்காரரின் கை அது. வறுமை என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லாமல், ஒரு வீட்டின் ஒரு நாளைச் சொல்கிறார்.

வேண்டாம் என்றதற்கு நியாயம் இருந்தது

சில்வியா இந்தப் பாட்டைக் குழுவிடம் கொண்டுவந்தபோது அவர்கள் மறுத்தார்கள். பயம் என்றோ குறுகிய புத்தி என்றோ இதை எளிதாகத் தள்ளிவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர்கள் வாழ்க்கை மேடையில் இருந்தது. ஆட வந்திருக்கும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்துத் தொழில் கற்றவர்கள். வாரம் முழுக்க உடைந்த கண்ணாடியையும் மூத்திர நாற்றத்தையும் தாண்டி மாடிப்படி ஏறுகிறவன், சனிக்கிழமை ராத்திரி காசு கொடுத்து உள்ளே வந்து அதையே மறுபடி கேட்பானா? நியாயமான கேள்வி. பார்ட்டி என்பது அந்த மக்களுக்குக் கிடைத்த ஒரே விடுமுறை.

போதாததற்கு, அந்த இசை அவர்களுடையதாகவே இல்லை. ஃப்ளாஷ் ஓட்டுவதற்கு அதில் ஒரு தட்டும் கிடையாது. ஐந்து பேரும் வரியை மாற்றி மாற்றிப் பிடித்து, ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் தாவி எடுப்பது அவர்களின் தனி அழகு. இந்தப் பாட்டில் அதற்கும் இடம் இல்லை.

சில்வியா விடவில்லை. கடைசியில் மெல்லி மெல் மட்டும் ஒத்துக்கொண்டார். ஃப்ளெட்சரின் குரலும் அப்படியே நின்றது. எழுதியவர்கள் பட்டியலில் ஃப்ளெட்சர், மெல்வின் குளோவர் என்கிற மெல்லி மெல், சில்வியா ராபின்சன், இசை ஒழுங்கமைத்த கிளிஃப்டன் ‘ஜிக்ஸ்’ சேஸ் என நான்கு பெயர்கள். ஃப்ளாஷின் பெயர் இல்லை.

பழைய வரி, புது வெற்றிடம்

நான் இதை முதலில் ஹெட்போனில்தான் கேட்டேன். யாரும் வாயைத் திறப்பதற்கு முன்பே பாட்டு என்னைப் பிடித்துவிட்டது. டிரம் மெஷினின் கனமான அடி. சின்தசைசரில், மேலிருந்து வழுக்கிக்கொண்டு கீழே விழுவது போல ஒரு சிறு மெட்டு. விழுந்து முடிந்ததும் மறுபடி மேலிருந்து. நடுவில் நிறைய வெறுமை. அன்றைய ராப் பாட்டுகளோடு பக்கத்தில் வைத்துக் கேட்டால் இது எவ்வளவு மெதுவானது என்று உடனே தெரியும். நிமிடத்துக்குச் சுமார் நூறு அடிதான். வேகமாக ஆடவும் முடியாது, அசையாமல் உட்காரவும் முடியாது. நடக்கிற வேகம் அது.

இப்போது கடைசிச் சரணத்துக்கு வருகிறேன். மெல்லி மெல் தனியாகப் பாடுவது. மனதில் எந்த எண்ணமும் இல்லாமல், மனிதர்களின் வழி தெரியாமல் ஒரு குழந்தை பிறக்கிறது. இரண்டாந்தரமான வாழ்க்கையில் அது வளர்கிறது. தெருவில் பணம் புரட்டுகிறவர்களைப் பார்த்து அவர்களைப் போல ஆக ஆசைப்படுகிறது. பள்ளிக்கூடத்தை விடுகிறது, வழிப்பறியில் இறங்குகிறது, எட்டு வருடச் சிறை. உள்ளே அவன் உடம்புக்கு நேரும் கொடுமை. (அங்கே, ஓரினச் சேர்க்கையாளர்களைக் குறிக்கும் ஒரு வசைச்சொல் வருகிறது. பாட்டை எவ்வளவு நேசித்தாலும் அந்த இடம் இன்று உறுத்துகிறது, உறுத்தத்தான் வேண்டும்.) கடைசியில் ஒரு நாள் அவன் சிறை அறையில் தூக்கில் தொங்குகிறான்.

இந்தச் சரணம் 1982-ல் எழுதப்பட்டது இல்லை. இதே குழு 1979-ல், ஷுகர் ஹில்லுக்கு வருவதற்கு முன்பு, ஹார்லெமின் பாபி ராபின்சன் நடத்திய எஞ்ஜாய் ரெக்கார்ட்ஸுக்காக ‘சூப்பர்ராப்பின்’ என்று ஒரு பாட்டுப் பதிவு செய்தது. பன்னிரண்டு நிமிடம். ஐந்து பேரும் பந்தயம் போல ஓடும் கொண்டாட்டம். அதன் நடுவே மெல்லி மெல் இதே குழந்தையின் கதையை, இதே வார்த்தைகளில், கடகடவென்று சொல்லிவிட்டுப் போகிறார். சொல்லி முடித்த கையோடு பார்ட்டி தொடர்கிறது.

இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நான் சொல்ல வருவது அங்கே இருக்கிறது. 1979-ல் அந்த வரிகள் ஒரு திறமைக் காட்சி. ஒரு பையன் பிறந்து, கெட்டு, செத்துப்போகிறான். அவனைப் பற்றி யோசிக்க நமக்கு ஒரு நொடி கிடைப்பதில்லை. 1982-ல் அதே வரிகளைச் சுற்றி இடம் விடப்பட்டிருக்கிறது. ஒரு வரி முடிகிறது, அந்த மெட்டு விழுகிறது, அதற்கப்புறம்தான் அடுத்த வரி. கேட்கிறவனுக்கு அந்தப் பையனைக் கண்ணால் பார்க்க நேரம் கிடைக்கிறது. மூன்று வருடத்தில் வரிகள் மாறவில்லை, தாளத்தின் வேகமும் நெருக்கமும்தான் மாறின. அதை மாற்றியவர்கள் ஃப்ளெட்சரும் சேஸும், விடாப்பிடியாக நின்ற சில்வியாவும்.

முதல் சமூகப் பாட்டு என்ற பட்டம் எனக்குச் சங்கடமாக இருப்பது இதனால்தான். 1980-லேயே கர்டிஸ் ப்ளோ ‘தி பிரேக்ஸ்’ பாட்டில் வாழ்க்கை தரும் அடிகளைப் பட்டியல் போட்டிருந்தார். அதே வருடம் பிரதர் டி நேரடியான அரசியல் ராப் ஒன்றையே வெளியிட்டார். அவர்கள் சொன்னது குறைந்தது இல்லை. அவர்களின் வார்த்தைகளுக்கு இப்படி ஒரு வெற்றிடம் வாய்க்கவில்லை.

வெளிவந்த பிறகு

அமெரிக்காவில், ஆர் அண்ட் பி என்ற கறுப்பின இசைக்கான விற்பனைப் பட்டியலில் பாட்டு 4-ஆம் இடம் வரை போனது. பொதுவான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 62-ஐத் தாண்டவில்லை. பிரிட்டனில் 8-ஆம் இடம். வில்லேஜ் வாய்ஸ் பத்திரிகை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் அந்த வருடத்தின் முதல் சிங்கிள் இதுதான்.

நியூயார்க் தெருக்களில் எடுத்த வீடியோவில் மொத்தக் குழுவும் நிற்கிறது. ஃப்ளெட்சர் இல்லை. அவருடைய பகுதிக்கு ரஹீம் வாயசைக்கிறார். கடைசியில் குழுவினர் நின்று பேசிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் போலீஸ் கார் வருகிறது. காரணம் சொல்லாமல் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போகிறது. நாங்கள் ஒரு பாட்டுக் குழு என்று அவர்கள் சொல்வது எடுபடுவதில்லை. ஸ்டீவி வொண்டர் 1973-ல் ‘லிவிங் ஃபார் தி சிட்டி’ பாட்டின் நடுவே, ஊருக்குப் புதிதாக வந்தவனைப் போலீஸ் பிடிப்பதாக ஒரு சிறு நாடகம் வைத்திருந்தார். அதே வழியில் வந்தது இது.

வெற்றி குழுவை உடைத்தது. மறு வருடமே ராயல்டி தகராறில் ஃப்ளாஷ் ஷுகர் ஹில் மீது வழக்குப் போட்டார். கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் என்ற பெயர் அவரிடம் தங்கியது, குழு தங்கவில்லை. கிட் கிரியோலும் ரஹீமும் அவரோடு எலெக்ட்ரா நிறுவனத்துக்குப் போனார்கள். மெல்லி மெல், கவ்பாய், ஸ்கார்பியோ மூவரும் ஷுகர் ஹில்லிலேயே இருந்தார்கள். தான் தொடாத ஒரு பாட்டால் உலகம் முழுக்க அறியப்பட்ட ஃப்ளாஷின் நிலைமையை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இசைத்தட்டை வாத்தியமாக்கிய மனிதர் அவர். இந்தப் பாட்டோடு, ஹிப்-ஹாப்பின் நடுமேடை டிஜேயிடமிருந்து எழுதுகிறவனுக்கும் தயாரிப்பாளருக்கும் கைமாறிவிட்டது.

அடுத்து வந்தவர்கள் அந்த மாற்றத்தை உடனே பிடித்துக்கொண்டார்கள். 1983-ல் ரன்-டி.எம்.சி.யின் முதல் சிங்கிள் ‘இட்ஸ் லைக் தட்’, வேலையின்மையையும் பணவீக்கத்தையும் பேசியது. இசை இன்னும் மொட்டை, இன்னும் வெறுமை. அங்கிருந்து பப்ளிக் எனிமி, அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுக்கள் வரை பாதை நீண்டது. 1993-ல் ஐஸ் கியூப் தன் ‘செக் யோ செல்ஃப்’ ரீமிக்ஸுக்கு இந்த இசையையே எடுத்துக்கொண்டார். 1997-ல் பஃப் டாடி இதே விழும் மெட்டின் மேல் பணத்தையும் வெற்றியையும் பாடி, ஹாட் 100-ல் ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தார். அசல் பாட்டு 62-க்கு மேல் ஏறாத அதே பட்டியல். அந்த 1997 பாட்டு என் மனதுக்கு ஒட்டவில்லை. மெட்டு விழும்போதெல்லாம் அந்தச் சிறை அறை நினைவுக்கு வந்துவிடுகிறது.

2007 மார்ச்சில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்ட முதல் ஹிப்-ஹாப் குழு இவர்களே. சில்வியா ராபின்சன் 2011 செப்டம்பரில் காலமானார். எங்கிள்வுட்டில் இருந்த ஸ்டூடியோ அதற்கு முன்பே, 2002-ல், தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது.

ஃப்ளெட்சர் மெல்லி மெல்லுடன் இன்னும் சில பாட்டுகள் செய்தார். பிறகு திரும்பவும் படித்து ஆசிரியரானார். பள்ளிகளில் பாடம் எடுத்து, கடைசியில் ஜார்ஜியாவில் சவானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். 2021 ஜனவரியில், 69 வயதில், சவானாவில் இறந்தார். அந்த வீடியோவை இன்று போட்டாலும், அம்மாவின் டிவி திருடுபோன சரணத்தில் அவர் குரல் தெளிவாகக் கேட்கிறது. அசைவது ரஹீமின் உதடுகள்.